மாமாவின் பெயருக்கு வந்த கடிதங்கள்

பிள்ளை,

போன ஞாயிற்றுக்கிழமை என் சமையலறையில் நின்று, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே எவ்வளவு குளிர் என்று விசாரிப்பது போல ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, கீழ்வீட்டை மாமாவுக்குக் குடுக்கட்டோ?" நான் வெங்காயத்தை வெட்டிக்கொண்டே இருந்தேன். காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பாய், அல்லது சம்மதம் என்று நினைத்திருப்பாய். கையில் கத்தி இருக்கும்போது அந்த மனிதரைப் பற்றிப் பேசுவதில்லை என்று நான் இருபத்துநான்கு வருஷமாக ஒரு விரதம் வைத்திருக்கிறேன். அதனால்தான் பேசாமல் இருந்தேன்.

இப்போது கத்தியைக் கழுவி வைத்துவிட்டு எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் உன்னை அழ அழத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும். விளங்காத சொல் வந்தால் தொலைபேசி எடுத்துக் கேள். ஆனால் ஒரு வரியையும் தாண்டாதே. உன் கேள்விக்குப் பதில் கடிதத்தில் இருக்கிறது. அதை முதலில் தேடாமல், தொடக்கத்திலிருந்து வாசி.

வருகிற வியாழக்கிழமை, பத்திரம் முடிக்கும் நோட்டேரிடம் போய், வில்லரேப் பக்கம் நீ வாங்கும் வீட்டுக்குக் கையெழுத்து வைக்கப் போகிறாய். முப்பத்திரண்டு வயது. நாள் முழுக்க மற்றவர்களின் முழங்காலையும் முதுகையும் மடக்கி நிமிர்த்தி நீ உழைத்த காசு. எங்கள் சனத்தில் பெண்பிள்ளைக்கு வீடு என்றால் அது சீதனமாக வரவேண்டும், இல்லாவிட்டால் புருஷன் வாங்க வேண்டும். நீ இரண்டுக்கும் காத்திருக்கவில்லை. மேலே நீ இருப்பாய், கீழ்வீட்டை வாடகைக்கு விடுவாய், அந்த வாடகையில் ஒரு சதமும் தொடாமல் வங்கிக் கடனுக்கு மேலதிகமாகக் கட்டி, இருபத்தைந்து வருஷக் கடனைப் பதினாறு வருஷத்தில் முடிப்பாய். மடிக்கணினியில் நிறம் நிறமாகக் கட்டம் போட்டு எனக்குக் காட்டினாய். நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து நீயும் துடைத்தாய். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டங்களை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன் பிள்ளை. நிறம் எதுவும் இல்லாமல், ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில், உன் அப்பாவின் கையெழுத்தில்.

அந்த வீட்டின் கீழ்த்தளத்துக்குத்தான் இப்போது என் அண்ணை வரக் கேட்கிறார். எழுபத்திரண்டு வயது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் இரண்டு கார் நிற்கும் கராஜோடு வைத்திருந்த வீட்டை விற்றாயிற்று. மாமி போய் மூன்று வருஷம். மகன் கல்கரியில், "வாங்கோ அப்பா" என்று வாய் தவறியும் சொல்லாத பிள்ளை. முழங்கால் ஏலாது, படி ஏற முடியாது, காசுக்குக் குறைவில்லை. உன் கிளினிக்குக்கு வந்து காலை நீட்டிப் படுத்துக்கொண்டு இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். முழங்காலைக் கண்டால் உன் மனம் இளகும் என்று அவருக்குத் தெரியும். யாரிடம் எதைக் காட்ட வேண்டும் என்பது அவருக்கு எப்போதுமே தெரியும். நீயும் வந்து என்னிடம், "பழசை விடுங்கோவன் அம்மா, ஏதோ காசுப் பிரச்சினைதானே" என்கிறாய்.

ஏதோ காசுப் பிரச்சினை. அப்படித்தான் நாங்கள் உனக்குச் சொல்லி வைத்தோம், முழுவதையும் சொல்ல அப்பா விடவில்லை. "பிள்ளைக்கு ஒரே ஒரு மாமன், அதையும் பறிச்சுப் போடாதையும்" என்பார். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. இனிமேல் என்னைத் தடுக்க ஆள் இல்லை.

அண்ணை கனடா வந்தது என் சீதன வளவை விற்ற காசில். நான் குமராக இருந்தேன், எனக்கென்று எழுதி வைத்திருந்த நிலம் அது. "அவன் போனால் எல்லாரையும் எடுப்பான்" என்று வீட்டில் சொன்னார்கள், நானும் தலையை ஆட்டினேன். எங்களை அவர் எடுக்கவில்லை. நாங்களாகத்தான் கடன்பட்டு வந்து சேர்ந்தோம். நான் சபனெல் தெருத் தையல் தொழிற்சாலையில் கொலர் வைத்தேன். அப்பா டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் சட்டி கழுவினார், பிறகு மரக்கறி வெட்டினார். நீ அப்போது என் வயிற்றில். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கிரேக்கக் கிழவர் தன் ஊருக்குத் திரும்பப் போவதால் சின்ன வீடொன்றை விற்க நின்றார். முன்பணத்துக்கு நாங்கள் போட்டிருந்த இரண்டு சீட்டையும் எடுத்தோம். ஆனால் எங்கள் அகதி வழக்கு முடியவில்லை, வங்கி எங்கள் பெயருக்குக் கடன் தராது. அண்ணை பிரஜாவுரிமை எடுத்தவர், நிரந்தர வேலை உள்ளவர். எங்கள் அறைக்கு வந்து கட்டிலில் இருந்துகொண்டு சொன்னார்: "என்ர பேரில எடுப்பம். உங்களுக்குப் பேப்பர் வந்த உடன மாத்தித் தாறன். நாங்கள் என்ன பிறத்தியோ?"

நாங்கள் பிறத்தி இல்லைத்தானே. அதனால் ஒரு துண்டுத் தாளில் கூட எழுதி வாங்கவில்லை. கூடப்பிறந்தவனிடம் எழுத்துக் கேட்டால் அது அவனைக் கள்ளன் என்று சொல்வதற்குச் சமம் என்று நினைத்தோம். இந்த ஊரில் இப்படி வீடு வாங்கியவர்கள் நாங்கள் மட்டும் இல்லை, கோவிலில் விசாரித்தால் வரிசையில் வருவார்கள். கையெழுத்து வைத்த நாளன்று நோட்டேரின் அறைக்குள் கிரேக்கரும் அண்ணையும் போனார்கள். வெளியே நாற்காலியில் நானும் அப்பாவும் இருந்தோம். மடியில் ஒரு பொதி உளுந்து வடை, எல்லாரும் சாப்பிட என்று விடிய எழும்பிச் சுட்டது. அரை மணி நேரத்தில் அண்ணை சிரித்துக்கொண்டு வெளியே வந்து, "முடிஞ்சுது" என்றார். நானும் சிரித்துக்கொண்டு வடையை நீட்டினேன்.

ஒன்பது வருஷம் கட்டினோம். அண்ணையின் வங்கிக் கணக்குக்கு மாதா மாதம் நாங்கள் காசு போடுவோம், வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். வருஷத்தில் ஒரு தடவை, குறித்த அளவுக்கு, கடனின் முதலில் இருந்து மேலதிகமாகக் கழிக்கலாம் என்று அப்பா யாரிடமோ கேட்டு அறிந்துகொண்டு வந்தார். அன்றிலிருந்து அந்த மனிதருக்குப் பித்துப் பிடித்தது. "வட்டிக்குப் போற காசு அடுப்பில போட்ட காசப்பா" என்று சொல்லிச் சொல்லியே இரண்டாவது வேலை எடுத்தார். நான் தைக்கும் துணியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். உனக்கு இரண்டு அளவு பெரிய பனிச் சப்பாத்து வாங்கி, முனையில் பழைய காலுறை அடைத்துத் தந்தேன். ஒருமுறை உன் பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் பனி முகாமுக்குக் கூட்டிப் போனார்கள், ஞாபகம் இருக்கிறதா? காசு கட்டவேண்டிய கடைசி நாளில் உனக்குக் காய்ச்சல் என்று நான் ஆசிரியைக்குத் துண்டு எழுதிக் கொடுத்தேன். உனக்குக் காய்ச்சல் இல்லை. அந்த மூன்று நாளும் நீ யன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு, "அம்மா, எனக்கு எப்ப காய்ச்சல் மாறும்?" என்று கேட்டாய். அந்தக் காசும் அந்த வருஷத்து மேலதிகக் கட்டணத்தோடு போனது.

வீடு அண்ணையின் பெயரில் இருந்ததால் வங்கிக் கடிதங்களும் அவர் பெயருக்குத்தான் வரும். எல்லாம் பிரெஞ்சு. எனக்கும் அப்பாவுக்கும் போன்ஜூர், மெர்சிக்கு மேல் ஓடாது. ஓடினாலும் உடைத்திருக்க மாட்டோம். பிறர் பெயருக்கு வந்த கடிதத்தை உடைப்பது பிறர் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பது போல என்று வளர்க்கப்பட்டவர்கள். நீல நிற பிஸ்கட் டின் ஒன்றில் அவற்றை ஒழுங்காக அடுக்கி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணையும் மாமியும் சாப்பிட வருவார்கள். அவருக்கென்று நண்டு வாங்கிக் குழம்பு வைப்பேன், நண்டின் காலைக் கூட நானே உடைத்துக் கொடுப்பேன். அவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் டின்னைத் திறந்து கடிதங்களை எடுத்து இரண்டு கையாலும் நீட்டுவேன். அவர் ஒன்றையும் பிரிக்காமல் கோட்டுப் பையில் வைத்துக்கொள்வார். எங்கள் முன்னால் பிரிக்காததை நான் நாகரிகம் என்று நினைத்தேன்.

இனி நான் சொல்லப்போவது உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டிய விஷயம்.

உனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் கெட்டிக்காரி என்று பேர் எடுத்திருந்தாய், கண்ணில் பட்ட எல்லாவற்றையும் வாசிப்பாய், பால் பெட்டியைக் கூட விடமாட்டாய். ஒரு பின்னேரம் நான் வேலையால் வந்தபோது நீ தரையில் இருந்து, மாமாவின் கடிதம் ஒன்றைப் பிரித்து விரலை வைத்து வாசித்துக்கொண்டிருந்தாய். "அம்மா, இதில மாமாக்குப் புதுக் கடன் குடுத்திருக்கு எண்டு கிடக்கு. எங்கட வீட்டு நம்பரும் போட்டிருக்கு" என்றாய். உன் முகத்தில் என்ன ஒரு சந்தோஷம், பெரியவர்களின் கடிதம் விளங்கிவிட்டது என்று. நான் கன்னத்தில் அடித்தேன். "மற்றாக்களின்ர கடிதத்தை உடைக்கிறியோ? ஆர் உனக்கு உதைப் பழக்கினது?" இன்னும் ஒன்று அடித்தேன். நீ சொன்னது என் காதில் விழவே இல்லை. கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்து, பானையில் கிடந்த சோற்றை விரலால் மசித்து, அந்தப் பசையால் ஒட்டி, மேலே அரிசி மூட்டையைப் பாரத்துக்கு வைத்தேன்.

ஞாயிறு அதை அண்ணையிடம் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். அவர் பெருவிரலால் அந்த ஒட்டின் மேல் மெதுவாகத் தடவிப் பார்த்தார். "ஆர் வாசிச்சது?" என்றார். "பிள்ளை தெரியாமல் உடைச்சிட்டாள் அண்ணை. ஒருத்தரும் வாசிக்கேல்லை" என்றேன். அவர் உன்னைக் கூப்பிட்டுத் தலையைத் தடவி இரண்டு டொலர் தந்தார். நீ அதை வாங்கி மேசை விளிம்பில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாய். அந்த வீட்டில் அன்றைக்கு மூளையோடு இருந்த ஆள் நீ ஒருத்திதான்.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று அடுத்த வருஷம்தான் தெரிந்தது. எங்கள் வீட்டை ஈடு வைத்து அவர் புதுக் கடன் எடுத்திருக்கிறார், அதை முன்பணமாகக் கொடுத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோ வீட்டை வாங்கியிருக்கிறார். எப்படி முடிந்தது தெரியுமா? நாங்கள் மேலதிகமாகக் கட்டக் கட்ட வீட்டில் கடன் குறைந்தது. கடன் குறையக் குறைய அந்த வீட்டைக் காட்டி அவர் எடுக்கக்கூடிய தொகை கூடியது. நாங்கள் கிணறு வெட்டினோம், அவர் வாளியோடு காத்து நின்றார். உன் பனி முகாம் அவருடைய கராஜ் கதவில் இருந்தது. அப்பாவின் இரண்டாவது வேலை அவருடைய சமையலறைச் சலவைக்கல் மேடையில் இருந்தது. அந்த வீட்டுக் குடிபுகுதலுக்குப் போய் நான் அந்தக் கல்லைத் தடவி, "வடிவாக் கிடக்கு அண்ணை" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

எங்களுக்குப் பேப்பர் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெயரை மாற்றுவோம் என்று கேட்கும்போதெல்லாம் "பேந்து பாப்பம்" என்பார். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. "ரெண்டு கடனையும் இழுக்கேலாமல் கிடக்கு. இதை விக்கப் போறன். ஜூலைக்குள்ள ஒரு இடம் பாருங்கோ" என்றார். நான்தான், "ஒன்பது வருஷம் கட்டினது அண்ணை" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்ன சொல்லை இப்போதும் மெட்ரோவில் போகும்போது, உடுப்பு மடிக்கும்போது, கோவிலில் கண்ணை மூடும்போது கேட்கிறேன். "தங்கச்சி, பேப்பரில ஆரின்ர பேர் கிடக்கு? நீங்கள் குடியிருந்தனீங்கள்தானே. வாடகை எண்டு நினையுங்கோ."

ஜூலை முதலாம் திகதி ஊரே வீடு மாறும் நாள். வான் கிடைக்கவில்லை. எங்கள் மெத்தையும் சட்டிகளும் நடைபாதையில் கிடக்க, போகிறவர்கள் எறியப்பட்ட சாமான் என்று நினைத்து அகப்பை முதற்கொண்டு கிளறிப் பார்த்தார்கள். நீ அந்த பிஸ்கட் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மெத்தையில் இருந்தாய். வழக்குப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். அப்பா, "விடுமப்பா. உம்மட தமையனைக் கோட்டில ஏத்தி நான் ஒரு வீடு வாங்கிறதோ?" என்றார். மூன்றாம் மாடி வாடகை வீட்டில் ஏறி இறங்கியே அந்த மனிதரின் மூச்சு முடிந்தது. பூட்டித் திறக்க ஒரு கதவுக்காவது தன் பெயரில் திறப்பு வைத்திருக்காமல் போனார். நான் அழுதது அதற்கும் சேர்த்துத்தான்.

அப்பா மன்னித்தார். நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று கோவிலில் நாலு பேர் எனக்கு வகுப்பு எடுத்தார்கள். என் தசை ஆடவில்லை பிள்ளை, நான் நன்றாகப் பார்த்தேன். அண்ணையின் மகனின் கலியாணக் கடிதம் வந்தது. அந்தக் குடும்பத்திலிருந்து எங்கள் பெயருக்கு வந்த ஒரே கடிதம் அது. உடைக்காமல் திருப்பி அனுப்பினேன். அதில் எனக்குக் கிடைத்த சுகத்தை எந்தத் திருவிழாவிலும் நான் அனுபவித்ததில்லை. ஒன்றே ஒன்றில்தான் என் கோபம் ஆள் மாறிப் போனது. நாங்கள் வெளியேறி ஆறு மாதத்தில் மாமி தனியாக பஸ் எடுத்து வந்து, கீழே பனியில் நின்று மணி அடித்தார். யன்னலால் பார்த்தேன். கையில் ஏதோ பை. கதவைத் திறக்கவில்லை. மாமியின் செத்த வீட்டுக்கும் போகவில்லை. அவருக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாதிருந்தது என்று எனக்கு இனித் தெரியவராது. கோபப்படுவதென்றால் முகவரி பார்த்துக் கோபப்படு, அதை மட்டும் என்னிடமிருந்து பழகாதே.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கீழ்வீட்டை மாமாவுக்குக் கொடு.

ஓம், கொடு. நான் இளகிவிட்டேன் என்று நினைத்துக் கண்ணீர் விடாதே. நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன், வெங்காயம் வெட்டிய நேரத்திலேயே யோசித்து முடித்துவிட்டேன். அரசாங்க வாடகைப் பத்திரத்தில், அவர் பெயர் குடியிருப்பவர் என்ற இடத்திலும் உன் பெயர் உரிமையாளர் என்ற இடத்திலும் எழுது. மாமன் என்று ஒரு சதமும் குறைக்காதே, மாமன் என்று ஒரு சதமும் கூட்டாதே. அந்தத் தெருவில் வேறொருவர் என்ன கொடுப்பாரோ அதுதான். பத்திரத்தில் ஒரு பிரதியை அவர் கையில் கொடு. எங்களுக்குக் கிடைக்காத தாள் அது, அவருக்குக் கிடைக்கட்டும். குளியலறையில் பிடித்து எழும்பக் கம்பி பூட்டிக் கொடு. வெப்பம் சரியாக வர வேண்டும், வாசல் பனியை நீ வேலைக்குப் போகமுன் வழித்துவிடு. குறை சொல்ல ஒரு நூல் இடம் வைக்காதே. அவர் பெயருக்கு வரும் கடிதத்தை ஞாயிறு வரைக்கும் வைத்திராமல் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடு, பிரிக்காமல்.

அவர் தரும் வாடகையை அப்படியே, நீ கட்டம் போட்டபடி, கடனின் முதலுக்கு மேலதிகமாகக் கட்டு. கட்டமுன் வங்கியில் கேள்: வருஷத்துக்கு எவ்வளவு வரை தண்டம் இல்லாமல் கட்டலாம், அது முதலில்தான் கழிகிறதா என்று எழுத்தில் வாங்கு. கூரை ஒழுகினால், அத்திவாரம் வெடித்தால் எடுக்க ஒரு தொகையைத் தொடாமல் வை. புதிதாக வீடு வாங்கியவரை வரவேற்பு வரி என்று நகரசபை வாசலிலேயே ஒரு பிடி பிடிக்கும், அதையும் மறக்காதே. முக்கியமாக, உன் வாயிலிருந்து எடுத்து வங்கிக்குப் போடாதே. நல்ல சப்பாத்து வாங்கு. எங்காவது பனிமலைக்குப் போய் மூன்று நாள் சறுக்கிவிட்டு வா, காய்ச்சல் மாறிவிட்டது. உன் கடனைக் கட்டுவதற்குத்தான் ஆள் வருகிறதே.

பதினாறு வருஷம் என்று உன் கட்டம் சொல்கிறது. அண்ணைக்கு எழுபத்திரண்டு. கணக்குச் சரியாக வர அவர் எண்பத்தெட்டு வரை இருந்தாக வேண்டும். அதனால் சென்ற வெள்ளிக்கிழமை பஸ் எடுத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோவிலுக்குப் போய், அவர் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தேன். "தமையனுக்கோ அம்மா? நல்ல மனம்" என்றார் ஐயர். ஓம் ஐயா என்றேன். நீண்ட ஆயுள் கேட்டேன் பிள்ளை, மனம் உருகிக் கேட்டேன். முழங்காலையும் நீ நன்றாகப் பார்த்துக்கொள், வங்கிக்கு நடந்து போக வேண்டுமே. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எனக்கு அவரைக் கொல்ல வேண்டாம். நின்று வாடகை வாங்கினால் போதும்.

இது பெரிய மனது இல்லை என்று எனக்குத் தெரியும். கோவிலில் யாராவது, "கடைசியில தமையனைச் சேர்த்திட்டா" என்று சொன்னால் நான் தலையை ஆட்டுவேன். உனக்கு மட்டும் பொய் சொல்ல மாட்டேன். உனக்கு ஏற்கெனவே ஒரு காய்ச்சல் பொய் சொல்லியிருக்கிறேன், இரண்டு அடியும் அடித்திருக்கிறேன். உண்மையை வாசித்ததற்காக என் பிள்ளையை அடித்தேன். அந்த அடியையும் அவர் கணக்கில் எழுத எனக்கு ஆசைதான். ஆனால் கை என்னுடையது. அதற்கு மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நோட்டேரிடம் வியாழக்கிழமை நானும் வருகிறேன். வெளியே நாற்காலியில் இருக்க மாட்டேன், உள்ளே உன் பக்கத்தில் இருப்பேன். நோட்டேர் பத்திரத்தைச் சத்தமாக வாசிக்கும்போது உன் பெயர் வருகிற இடத்தில் என் கையைப் பிடி. வடை சுட மாட்டேன், இந்தத் தடவை எல்லாம் முடிந்த பிறகுதான் சாப்பாடு.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. வாசித்து முடித்ததும் அப்படியே மாமாவிடம் கொடு. வாடகைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கமுன் அவர் இதை வாசிக்க வேண்டும். நாங்கள் ஒன்றும் தெரியாமல் ஒரு வீட்டுக்குள் போனோம், அவர் எல்லாம் தெரிந்துகொண்டு வரட்டும். வாசித்த பிறகும் வருவாரா என்று நீ கேட்பாய். வருவார். மகன் கூப்பிடவில்லை, மனைவி இல்லை, படி ஏற முடியாது. எங்களுக்கும் அப்போது வேறு போக்கிடம் இருக்கவில்லை.

வாடகைக் காசைத் தொலைபேசியில் தட்டி அனுப்பும் வேலை வேண்டாம், காசோலையாகத் தரச் சொல். ஜூலை முதலாம் திகதி அவர் சாமான் வந்து இறங்கும்போது நான் அங்கே இருப்பேன். நீல பிஸ்கட் டின்னையும் கொண்டு வருவேன். இத்தனை வருஷம் அதற்குள் ஊசியும் நூலும்தான் இருந்தது, கொட்டிக் கழுவி வைத்திருக்கிறேன். அவர் முதல் மாதக் காசோலையை என் கையில் தரட்டும். நான் இரண்டு கையாலும் வாங்கி, டின்னுக்குள் வைத்து மூடிவிட்டு, இருபத்துநான்கு வருஷத்துக்குப் பிறகு அவரோடு முதல் தடவையாகக் கதைப்பேன்.

"அண்ணை, இதை வாடகை எண்டு நினையாதேங்கோ. என்ர பிள்ளையின்ர வீட்டுக்கடன் எண்டு நினைச்சுக் கட்டுங்கோ."

அம்மா